வெளிநாட்டில் புகை நடுவே: ஆஸ்துமாவுடன் ஐந்து மாதம்

வெளிநாட்டுக்கு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் செல்வோருக்குப் புறப்படும் முன் விளக்கக் கூட்டம் நடக்கும். விசா, காப்புறுதி, பாடங்களுக்கான புள்ளி மாற்றம், குளிருடை, கைப்பையைத் திருடர்களிடமிருந்து காப்பது என்று எல்லாம் சொல்லித் தருவார்கள். சிகரெட் புகையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. சென்ற ஆண்டு ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் ஒரு பருவம் படித்து வந்த என்னை, குளிரையும் ஜெர்மன் மொழியையும்விட அதிகமாக யோசிக்க வைத்தது அந்தப் புகைதான்.

எனக்கு ஏழு வயதிலிருந்து ஆஸ்துமா. நீல நிற மூச்சுமருந்துக் குழல் எப்போதும் பையில் இருக்கும். சிங்கப்பூரில் அதை எடுக்க வேண்டிய நாள்கள் குறைவு. வெளிநாட்டில் அப்படி இருக்காது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். “ஊருக்கு ஏத்த மாதிரி நடந்துக்கம்மா, ஆனா மூச்சு உன்னோடது” என்று அப்பா சொல்லி அனுப்பினார். ஊருக்கு ஏற்றபடி நடப்பது, மூச்சையும் காப்பாற்றுவது ஆகிய இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியுமா என்பதுதான் அந்த ஐந்து மாதமும் என் கேள்வியாக இருந்தது.

நமக்குப் பழகிய காற்று

சிங்கப்பூரில் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை 1970இல் தொடங்கியது. முதலில் பேருந்துகள், திரையரங்குகள் போன்ற சில இடங்களில் மட்டும் தடை இருந்தது. பிறகு பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. இன்று பேருந்து நிறுத்தம், உணவகம், வீவக புளோக்கின் கீழ்த்தளம், தாழ்வாரம், மாடிப்படி எல்லாமே அதில் அடக்கம். 2019 ஜனவரி 1 முதல் ஆர்ச்சர்ட் ரோடு வட்டாரத்தில் ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே புகைபிடிக்கலாம். 2022 ஜூலை 1 முதல் பொதுப் பூங்காக்களும் 10 கடற்கரைகளும் சேர்ந்துகொண்டன. சிகரெட் வாங்கும் குறைந்தபட்ச வயது படிப்படியாக உயர்ந்து 2021இல் 21 ஆனது. மீறுவோருக்கு 200 வெள்ளி அபராதம். வழக்கு நீதிமன்றம் சென்றால் 1,000 வெள்ளி வரை போகலாம். மலேசியாவிலும் 2019 ஜனவரி முதல் உணவகங்களில் புகைபிடிக்கக் கூடாது. புகைபிடிப்பவர் கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

இந்தச் சட்டங்களுக்கு நடுவே வளர்ந்த நம் உடம்பிலும் சில பழக்கங்கள் ஊறிப்போயிருக்கின்றன. யாரோ பக்கத்தில் சிகரெட்டைப் பற்றவைத்தால், ‘இங்கே கூடாதே’ என்ற எண்ணம் தானாக வருகிறது. உணவகத்தில் “வெளியே உட்காரலாமா?” என்று யாராவது கேட்டால், காற்றாட உட்காருவோம் என்றுதான் புரிந்துகொள்கிறோம். விமானம் ஏறியதும் இந்த இரண்டும் பயனற்றுப் போகின்றன.

உள்ளே தூய காற்று, வெளியே புகை

வியன்னாவில் காப்பிக்கடை, உணவகம், மதுக்கூடம் எதற்குள்ளும் இப்போது புகைபிடிக்கக் கூடாது. ஆனால் கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் நடைபாதையில் போடும் மேசைகளில் தாராளமாகப் புகைக்கலாம். ஆக, வெயிலுக்கு ஏங்கி வெளியே அமரும் நாம்தான் புகை நடுவே அமர்கிறோம். பல்கலைக்கழகத்திலும் அதே கதை. வகுப்பறைகள் தூய்மையாக இருக்கும். வாசல் கதவைத் திறந்தால் இடைவேளைக்கு வந்த இருபது முப்பது பேர் சாம்பல் கிண்ணங்களைச் சுற்றி நிற்பார்கள். நவம்பர் குளிரில் யாரும் வாசலை விட்டுத் தள்ளிப் போவதில்லை. குளிர்க்காற்றும் சிகரெட் புகையும் ஒன்றாக நெஞ்சில் இறங்கும்போது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். முதல் வாரத்திலேயே கட்டடத்தின் பின்கதவைத் தேடிக் கண்டுபிடித்தேன். நான்கு நிமிடம் கூடுதல் நடை. அந்தப் பருவம் முழுதும் என் வாசல் அதுதான்.

புகைக்காதவர்கூட அங்கே புகையிலைக் கடைக்குப் போயாக வேண்டும். ‘ட்ராஃபிக்’ என்று அழைக்கப்படும் அந்தச் சிறு கடைகளில் செய்தித்தாளும் ட்ராம் பயணச்சீட்டும் விற்கிறார்கள். சாலையோரச் சுவர்களில் சிகரெட் விற்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. வயதை உறுதிசெய்ய வங்கி அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் பார்த்துவிட்டு, ‘இந்த ஊர்க்காரர்களுக்குப் புகையைப் பற்றிக் கவலையே இல்லை’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்நாட்டின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. ஆஸ்திரியாவை ‘ஐரோப்பாவின் சாம்பல் கிண்ணம்’ என்று கேலி செய்த காலம் உண்டு. 2009இல் வந்த சட்டம், பெரிய உணவகங்களில் புகைப்போருக்குத் தனி அறை வேண்டும் என்றது. 50 சதுர மீட்டருக்கும் குறைவான சிறிய கடைகளில் முடிவை உரிமையாளரிடமே விட்டது. 2015இல் முழுத் தடைக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 2018 மே மாதம் அது நடப்புக்கு வரவேண்டும். அதற்குள் ஆட்சி மாறியது. புதிய கூட்டணி அரசு அந்தத் தடையை ரத்து செய்தது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. வியன்னா மருத்துவர் மன்றமும் புற்றுநோய் உதவிச் சங்கமும் கையெழுத்து இயக்கம் தொடங்கின. ஏறக்குறைய 9 மில்லியன் பேர் வாழும் நாட்டில் 881,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த அரசு அப்போதும் அசையவில்லை. 2019இல் அது கவிழ்ந்த பிறகு நாடாளுமன்றம் மீண்டும் வாக்களித்தது. 2019 நவம்பர் 1 முதல் உணவகங்களில் முழுத் தடை நடப்புக்கு வந்தது. நான் புகையில்லாமல் காப்பி குடித்த ஒவ்வொரு கடையின் பின்னாலும் அந்தக் கையெழுத்துகள் இருந்தன. இது தெரிந்த பிறகு அந்த ஊரின் மேல் எனக்கு இருந்த எரிச்சல் பாதியாகக் குறைந்தது.

நாட்டுக்கு நாடு வேறு கோடு

விடுமுறைகளில் பக்கத்து நாடுகளுக்கு ரயிலில் போனேன். எல்லை தாண்டும்போதெல்லாம் புகையின் எல்லையும் மாறியது.

ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். மியூனிக் இருக்கும் பவேரியாவில் 2010 ஜூலையில் நடந்த பொது வாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் கடுமையான தடைக்கு ஆதரவளித்தார்கள். அதனால் அங்கே மதுக்கூடங்களிலும் உள்ளே புகை இல்லை. அதே நாட்டின் தலைநகர் பெர்லினிலோ, சமைத்த உணவு பரிமாறாத சிறிய மதுக்கூடங்களில் இன்றும் உள்ளேயே புகைக்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் நுழையக் கூடாது என்ற அறிவிப்பு கதவில் இருக்கும். அந்த அறிவிப்பைப் பார்த்தால் என் போன்றவர்கள் அடுத்த கடைக்குப் போய்விட வேண்டியதுதான். ஜெர்மானிய ரயில் நிலைய நடைமேடைகளில் மஞ்சள் கோட்டால் வரைந்த சதுரங்கள் இருக்கும். புகைபிடிப்போர் அதற்குள் நிற்க வேண்டும். நம் ஊர் மஞ்சள் கட்டங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அது உறவினரைச் சந்தித்தது போல இருந்தது. புகைக்குக் கோடு தெரியாது என்பது இரண்டு ஊருக்கும் பொது.

இத்தாலியின் மிலான் நகரம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே தெருவில்கூட, அடுத்தவர் பத்து மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் புகைக்கக் கூடாது. அபராதம் 40 முதல் 240 யூரோ வரை. பிரான்ஸ் 2025 ஜூன் 29 முதல் கடற்கரை, பூங்கா, பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல் ஆகிய இடங்களில் தடை விதித்துள்ளது. ஆனால் காப்பிக்கடைகளின் வெளிமேசைகளுக்கு விலக்கு உண்டு.

ஐரோப்பாவில் பார்த்த இந்த ஒழுங்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எனக்கு 18 வயதானபோது குடும்பத்துடன் தோக்கியோ போயிருந்தோம். அங்கே தலைகீழ். தோக்கியோவின் சியோடா வட்டாரம் 2002லேயே தெருவில் நடந்தபடி புகைப்பவருக்கு அபராதம் விதிக்கத் தொடங்கிவிட்டது. அதனால் பல தெருக்களில் காற்று தூய்மையாக இருக்கும். ஆனால் 2020 ஏப்ரலில் வந்த நாடு தழுவிய சட்டம், ஏற்கெனவே நடந்துவந்த சிறிய உணவுக்கடைகள் சிலவற்றுக்கு விலக்கு அளித்தது. அத்தகைய கடைகளில் உள்ளே புகைக்கலாம். ஆனால் புகைக்கும் பகுதிக்குள் 20 வயதுக்குக் குறைந்தவர்கள் போகக் கூடாது. ஒரு சிறிய கடையின் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டி, கடைக்காரர் என்னையும் தம்பியையும் பார்த்துத் தலையசைத்து மன்னிப்புக் கேட்டார். அம்மாவுக்கு ஏமாற்றம். எனக்கோ நிம்மதி.

எனவே புதிய நாட்டில் இறங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி, ‘இங்கே புகைக்கத் தடை உண்டா?’ என்பதோடு நிற்கக் கூடாது. கோடு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வியன்னாவில் உள்ளே இடம் கேளுங்கள். தோக்கியோவில் வாசல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

உடம்பு சொல்லும் கணக்கு

பிறர் விடும் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தாங்கள் புகைக்காமலேயே பிறர் புகையால் இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்கு ஒரு மில்லியனுக்கும் அதிகம். திறந்தவெளியில் சில நொடி கடந்து போவதும் மூடிய அறையில் தினமும் இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தச் சில நொடியே இழைப்பைத் தூண்டப் போதும்.

முகக்கவசம் உதவுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சாதாரண அறுவை முகக்கவசம் புகையைத் தடுக்காது. இறுக்கமாகப் பொருந்தும் என்95 கவசம் நுண்துகள்களை வடிகட்டும். வாயுக்களைத் தடுக்காது. அதனால் வாடை வரத்தான் செய்யும். நெரிசலான வாசலைக் கடக்க அது கைகொடுத்தது. அதை அணிந்துகொண்டு மேசையில் உட்கார்ந்து பேச முடியாது.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து நிற்பது இன்னும் எளிய வழி. புகைப்பவருக்கும் காற்று வரும் திசைக்கும் நடுவே நின்றால் புகை நம்மை விட்டு விலகிப் போகும். ட்ராம் நிறுத்தத்தில் இதை ஒரு விளையாட்டுப் போலவே செய்துவந்தேன்.

சமையலறையில் ஒரு பேச்சு

தெருவில் விலகிப் போகலாம். தங்கும் இடத்தில் எங்கே விலகுவது? எங்கள் விடுதியில் ஆறு பேருக்கு ஒரு சமையலறை. பெல்கிரேடிலிருந்து வந்த மாணவி ஒருவர் இரவு உணவுக்குப் பிறகு சமையலறைச் சன்னலோரம் நின்று புகைப்பார். கட்டடத்துக்குள் புகைக்கக் கூடாது என்று விடுதி ஒப்பந்தத்திலேயே இருந்தது. நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், எச்சரிக்கைக் கடிதம் வந்துவிடும். ஆனால் வந்த இரண்டாம் நாள் எனக்குக் குளிர்ச்சட்டை எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கூடவே வந்து காட்டியவர் அவர். இன்னும் நான்கு மாதம் ஒரே அடுப்பில் சமைக்க வேண்டும். புகார் செய்தால் காற்று கிடைக்கும், தோழமை போய்விடும். பேசாமல் இருந்தால் இரவெல்லாம் இருமல்.

அவர் புகைக்காத ஒரு மதியப் பொழுதில் பேசினேன். “எனக்கு ஆஸ்துமா இருக்கிறது. சமையலறையில் புகை இருந்தால் இரவில் மூச்சு முட்டுகிறது. நீங்கள் கீழே முற்றத்தில் புகைக்க முடியுமா?” என்று கேட்டேன்.

“சன்னலைத் திறந்துதானே வைக்கிறேன்?” என்றார் அவர், உண்மையான குழப்பத்தோடு.

வெளியே குளிர், உள்ளே சூடு. சன்னலைத் திறந்தால் குளிர்க்காற்று உள்ளே பாயும்போது புகையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று சொன்னேன். மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்டார். ஓர் உறிஞ்சுகுழலைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னேன். அரை நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு குழலை மேசையில் வைத்துவிட்டு, “சரி, முற்றம்” என்றார்.

அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். நான் காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது அவருக்கு இருமல் பிடுங்கிக்கொள்கிறதாம். அப்போதெல்லாம் சமையலறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறக்க வேண்டும். நம் வீட்டுத் தாளிப்பு நெடியும் இன்னொருவர் மூச்சை முட்டவைக்கும் என்று கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒப்புக்கொண்டேன். பனி கொட்டிய ஜனவரி இரவுகளில் அவர் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு நான்கு மாடி இறங்கிப் போவார். இரண்டு மூன்று முறை மறந்து சன்னலோரம் நின்றார். மேசையைத் தட்டினேன், புரிந்துகொண்டு போனார்.

எல்லாப் பேச்சும் இப்படி முடியவில்லை. ஒருநாள் ட்ராம் நிறுத்தத்தில் ஒரு முதியவரிடம், “என்ட்ஷுல்டிகுங், இஷ் ஹாபெ அஸ்த்மா” என்றேன். மன்னிக்கவும், எனக்கு ஆஸ்துமா என்று பொருள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பத்து அடி தள்ளிப் போய் நின்றேன். அங்கே வாதாடி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே வாக்கியத்தை வேறு சிலரிடம் சொன்னபோது சிகரெட்டை உடனே அணைத்தவர்களும் உண்டு. ‘நீங்கள் செய்வது தவறு’ என்று தொடங்குவதைவிட, ‘எனக்கு இப்படி ஆகிறது’ என்று தொடங்கினால் பெரும்பாலோர் காது கொடுக்கிறார்கள்.

சிகரெட் இடைவேளையும் நட்பும்

வெளிநாட்டில் படிக்கும் இளையர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வகுப்பில் பேசாதவர்கள்கூடச் சிகரெட் இடைவேளையில் பேசுவார்கள். குழுப்பணியில் யார் எதைச் செய்வது, வார இறுதியில் எங்கே போவது எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். புகைக்காதவர் உள்ளே தனியாகக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே முதல் சிகரெட்டைக் கையில் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆஸ்திரியாவில் 18 வயதானால் வாங்கலாம். இங்கே 21 ஆகாத நமக்கு அங்கே சட்டத்தின் தடை இல்லை. தடுக்க வேண்டியது நாமேதான்.

நீட்டிய சிகரெட்டை “வேண்டாம், நன்றி” என்று மறுத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. கூட்டத்தை விடாமல் இருக்க வேறு வழி தேடினேன். இடைவேளை தொடங்கியதும் “காப்பி வாங்கப் போகிறேன், யார் வருகிறீர்கள்?” என்று கேட்பேன். முதல் வாரம் ஒருவர் வந்தார். மாதக் கடைசியில் நான்கைந்து பேர் வந்தார்கள். அவர்களில் இருவர் புகைபிடிப்பவர்கள்.

மின்சிகரெட் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஐரோப்பாவில் கடையில் வண்ண வண்ணமாக விற்பது சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருக்கவே கூடாத பொருள். நண்பர் தந்த பரிசு என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். சிகரெட்டுக்கும் இங்கே தீர்வையில்லாச் சலுகை கிடையாது. ஊரில் யாராவது ‘ஒரு பெட்டி வாங்கி வா’ என்றால் மறுத்துவிடுவது நல்லது.

புறப்படும் முன்

• தங்கும் அறையைப் பதிவு செய்யும்போது ‘புகையற்ற அறை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, எழுத்தில் உறுதி கேளுங்கள். ஜப்பான் போன்ற நாடுகளில் புகைக்கும் அறைகள் இன்னும் உண்டு.

• மூச்சுமருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். இன்னொன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் அவசர உதவிக்கு எண் 112.

• ‘எனக்கு ஆஸ்துமா’, ‘புகை ஒத்துக்கொள்ளாது’ என்ற இரண்டு வாக்கியங்களை அந்த ஊர் மொழியில் மனப்பாடம் செய்யுங்கள். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் இரண்டாவது வாக்கியம் போதும்.

• உணவகத்துக்குள் நுழையும் முன் வாசல் அறிவிப்பையும் மேசையில் சாம்பல் கிண்ணம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வீட்டுச் சன்னல் வரை

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். நம் சட்டம் தாழ்வாரம் வரை வருகிறது, மாடிப்படி வரை வருகிறது, வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. தம் வீட்டுச் சன்னலோரம் ஒருவர் புகைப்பதை அது தடுப்பதில்லை. மேல்மாடிக்காரரின் மூச்சுக்கும் அங்கே அந்தச் சட்டத்தின் துணை இல்லை. இந்த நிலையில் பலர் செய்வது சன்னலைப் பட்டென்று சாத்துவது, அல்லது மின்தூக்கியில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வது.

எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் அங்கிளும் இரவு பத்து மணிக்குச் சன்னலோரம் நின்று புகைப்பவர். நான் திரும்பிய வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, சமையலறையில் பேசியதையே பேசினேன். “நீ மேல இருக்கிறதே எனக்குத் தோணலமா” என்றார். இப்போது பெரும்பாலான நாள்கள் புளோக்குக்கு எதிரே சற்றுத் தள்ளியிருக்கும் திறந்தவெளிக்கு நடந்து போகிறார். மழை பெய்யும் நாளில் மட்டும் போவதில்லை. அன்று நாங்கள் சன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.